மண் கழிவும் மகமையும்

ஏப்ரல் 24

மீன்பிடித் தடைக்காலம். கருவாட்டு வரத்து இல்லை, மண்டியில் ஈ ஓட்டுகிறேன். காசிமேட்டு ஜெயஸ்ரீ வந்தாள். பதினைந்து வருடமாக எனக்குக் கருவாடு போடுகிறவள். இன்று மூட்டை இல்லாமல் வந்தாள். மீன்காரப் பெண்கள் ஒன்பது பேர் நாடகம் போடுகிறார்களாம். மேடை, மைக், விளக்குக்கு நாற்பதாயிரம் வேண்டும்.

“அரசாங்கத்துல கேட்டியா?”

“ஒன்ற வருசமா நடக்கறேன் அண்ணாச்சி. பணம் கீதாம், பைலுதான் வரலியாம். எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனி முழுசா தரேன்னுது. அவன் ஆத்துல சாம்பல் கலக்குற சீனைத் தூக்கணுமாம். அத்த தூக்கிட்டு இன்னாத்துக்கு நாடகம்? தடை முடிஞ்சா பொழப்புக்குப் பூடுவோம். அதுக்குள்ள போட்டாதான் உண்டு.”

திரையில் கடைப் பெயர் போட்டால் தருகிறேன் என்றேன். விளம்பரம் என்று பார்த்தால் மலிவுதான்.

ஏப்ரல் 25

காசு கொடுப்பவன் கதையைத் தொடலாமா? சரக்குக்கு முன்பணம் கொடுத்தால் தரம் கேட்கிறோமே. நாடகமும் சரக்குதானா?

மே 8

ஒத்திகைக்குப் போனேன். ஆற்றுக் காட்சி நன்றாக இருந்தது. அடுத்து, வயிற்றில் தலையணை கட்டிக்கொண்டு ஒருத்தி வந்தாள். கருவாட்டு மண்டி அண்ணாச்சி! மூட்டைக்கு இரண்டு கிலோ ‘மண் கழிவு’ என்று எடையில் குறைக்கிறாள். அதற்கு ஜெயஸ்ரீ, “இத்தினி வருசம் கழிச்ச மண்ண குட்த்துடு அண்ணாச்சி, வூடு கட்டிக்கிறோம்!”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. எடுத்துவிடு என்றேன்.

“கம்பெனி ஆத்த எடுங்குது, நீ அண்ணாச்சிய எடுன்ற. அப்பால நாங்க மேடையில ஏறி இன்னா, தல வாரிக்கினு நிக்கவா?”

மே 9

வீட்டில் சொன்னேன். ராமசெல்வி, “உள்ளதத்தானே சொல்லுதா. ஏன் கொதிக்கீங்க?” கட்டின பெண்டாட்டியும் அந்தக் கட்சி.

மே 11

இருப்பில் கிடந்த மூட்டை ஒன்றைப் பிரித்துச் சலித்துப் பார்த்தேன். மண் அறுநூறு கிராம்.

மே 18

சங்கக் கூட்டம். மகமையில் இருந்து நாடகத்துக்குக் கொடுக்கலாம் என்று எழுந்து சொன்னேன். மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் நாங்களே எடுத்து வைக்கிற பொதுப்பணம். அதில் விழுந்த பிறகு யார் வீட்டுக் காசு என்ற பேச்சு கிடையாது.

செயலாளர் டென்னிஸ், “கூத்துக்கு மகமையா? நமக்கு என்னவே லாபம்?”

“பள்ளிக்கூடம் கட்டும்போது லாபம் கேட்டீரா?”

“அதுல உம்ம பேரு இருக்காதே, பரவாயில்லையா?”

“என் கையால கொடுத்தா கதையிலயும் கை வைப்பேன். வச்சுப் பாத்துட்டேன்வே.”

ஒரு மணி நேரம் இழுத்தார்கள். நாடகத்தில் நாங்களும் வருகிறோம் என்பதையும் மறைக்கவில்லை. இரண்டு பேர் எதிர்த்தார்கள். நிறைவேறியது.

ஜூன் 8

திருவொற்றியூரில் நாடகம். வெறும் நீலத் திரை, எந்தப் பெயரும் இல்லை. தலையணை அண்ணாச்சி வந்ததும் முன்வரிசையே திரும்பி என்னைப் பார்த்தது. சிரித்தேன், கொஞ்சம் தாமதமாகத்தான்.

ஜூன் 19

தடை முடிந்து படகுகள் கடலுக்குப் போய்விட்டன. இனி இங்கே சலித்துத்தான் எடை.

அரசாங்கத்தில் பைல் வந்துவிட்டதாம், அடுத்த தடைக்காலத்தில் மறுபடி போடப் பணம் உண்டாம்! ஜெயஸ்ரீ கேட்டாள்: “வாங்கலாமா அண்ணாச்சி? அவனுங்களும் கத்திரி வெச்சா?”

“வாங்கு. ஊரே கட்டுன வரி, அதுவும் மகமைதான். கத்திரி வச்சா சண்டை போடு.”

கதைச் சுருக்கம் ஒரு பக்கம் கேட்கிறார்களாம், என்னையே எழுதித் தரச் சொன்னாள். ஆற்றை முதலில் வைத்தேன். அடுத்த பத்தியில், கருவாட்டு மண்டி அண்ணாச்சி ஒருவர் மூட்டைக்கு இரண்டு கிலோ குறைக்கிறார் என்று எழுதினேன்.