மூத்தவள் என்று நினைத்தோம்

ஏப்ரல் 27
குட்டிக்கு இருமல். அவள் அப்பா நாளை வருவதாகச் சொன்னார், பிறகு நாளை மறுநாள் என்று மாற்றினார். வெளியூரில் பாலம் கட்டும் வேலை என்றால் அப்படித்தான்.

புல்வெளியில் பூனைப்பருந்துகள் கூடு கட்டிவிட்டன. மரத்தில் அல்ல, தரையிலேயே, உயரமான புல்லுக்குள். பெண் அடைகாக்கிறது. சாம்பல் நிற ஆண் புல்லின் தலையை உரசுவது போலத் தாழப் பறந்து, ஆந்தையைப் போலக் காதாலும் எலியைத் தேடுகிறது. பிடித்ததும் கூட்டுக்கு மேலே வந்து குரல் கொடுக்கும். பெண் எழுந்து போய், மல்லாந்து, அது விடும் இரையை நடுவானில் வாங்கிக்கொள்ளும். இதைக் கணக்கெடுக்கத்தான் எனக்குச் சம்பளம். இன்னும் ஒவ்வொரு முறையும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் பார்க்கிறேன்.

மே 6
ஒரே ஆணுக்கு இரண்டு கூடு! ஓடைக்கரையில் இன்னொரு பெண் இருக்கிறது. ஜீப் ஓட்டும் அண்ணன், "பெரிய ஆளும்மா இவன். மூத்த தாரம், இளைய தாரம்னு ரெண்டு குடித்தனம்" என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. முதலில் பார்த்த மேட்டுக்கூட்டுக்காரிக்கு மூத்தவள் என்று பெயர் வைத்தோம். ஓடைக்கரைக்காரி இளையவள்.

மே 15
வந்தார். சாப்பிட்டார், தூங்கினார், போனார். குட்டி அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வீடெல்லாம் நடந்தாள்.

மே 29
தப்பு செய்துவிட்டோம். ஓடைக்கரைக் குஞ்சுகளுக்கு இறகு முளைக்கிறது, மேட்டில் இன்னும் வெறும் பஞ்சுதான். முதலில் முட்டையிட்டவள் ஓடைக்கரைக்காரி. முதலில் கண்ணில் பட்டவளை முதலில் வந்தவள் என்று நினைத்துவிட்டோம். மேட்டுக்கு இரை ஏன் குறைகிறது என்று இப்போது புரிகிறது. ஆண் மூத்த கூட்டுக்குத்தான் அதிகம் கொண்டுபோகும். மேட்டுக்காரி வானத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வேட்டைக்குப் போனால் காக்கை வரும், போகாவிட்டால் பிள்ளைகள் பட்டினி.

ஜூன் 3
சாரத்திலிருந்து விழுந்துவிட்டாராம். கூட வேலை செய்பவர் போன் செய்தார். குட்டியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு பஸ் பிடித்தேன்.

வார்டு வாசலில் நர்ஸ், "நீங்க யாரு?"

"அவரோட சம்சாரம்."

"சம்சாரம் உள்ளதானே இருக்காங்க?"

எட்டிப் பார்த்தேன். காலில் கட்டோடு அவர். ஒரு பெண் ஆரஞ்சு உரித்து அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். கட்டில் ஓரத்தில் ஒரு பிள்ளை, பத்து வயதிருக்கும். அவருடைய விரிந்த காது. என் குட்டிக்கு இருக்கும் அதே காது. எனக்குக் கல்யாணமாகி ஆறு வருடம்தான் ஆகிறது.

நர்ஸ் மறுபடி கேட்டாள், "அப்போ நீங்க?"

"தெரிஞ்சவங்க" என்றேன்.

ஜூன் 4
பாலம் வேலை, பாலம் வேலைன்னு — எந்தப் பாலம்யா அது? ரெண்டு வீட்டுக்கும் நடுவுலயா? மூத்தவ, இளையவன்னு நான்தானே வயிறு வலிக்கச் சிரிச்சேன்.

ஜூன் 5
அழுதேன். வேறொன்றும் செய்யவில்லை.

ஜூன் 12
மேட்டில் குஞ்சுகள் செத்துக்கொண்டிருக்கின்றன. ஒன்றுதான் பாக்கி. அண்ணன், "இளையவ பாவம்மா" என்று ஆரம்பித்தார்.

"அப்படிக் கூப்பிடாதீங்கண்ணே."

என் முகத்தைப் பார்த்தார். திரும்பும்போது ஜீப்பை மெதுவாக ஓட்டினார்.

நாங்கள் கிளம்புவதற்கு முன்பே ஒன்றைப் பார்த்துவிட்டேன். மேட்டுக்காரி தானே வேட்டைக்கு எழுந்தாள். பாய்ந்து பாய்ந்து, ஒவ்வொரு முறையும் காலில் இரை இல்லாமல்தான் மேலே வந்தாள். கடைசியில் ஒரு சுண்டெலி கிடைத்தது.

ஜூன் 20
போன் செய்தார். வார்டு வாசல்வரை நான் வந்துபோனதை நர்ஸ் சொல்லியிருக்கிறாள். "உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்போ?"

அதற்கு அவர், "குட்டியைப் பார்க்கணும்."

"வந்து பாருங்க. தங்க வேண்டாம்."

போனை வைத்தேன். அந்தக் குரல் கேட்டால் இன்னும் எழுந்து ஓடத் தோன்றுகிறதே, அதுதான் எனக்கு வெட்கம்.

ஜூலை 9
மேட்டுக் குஞ்சு பறந்துவிட்டது. அதிசயமாக இன்று ஆண் இரையோடு மேட்டுக்கு வந்து குரல் கொடுத்தது. அவள் அங்கே இல்லை, வேட்டைக்குப் போயிருந்தாள். கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு ஓடைக்கரைக்குப் போனது.

சாயங்காலம் வாசலில் ஊன்றுகோல் சத்தம். "குட்டி" என்று கூப்பிட்டார். நான் பாதி எழுந்துவிட்டேன். மறுபடி உட்கார்ந்தேன். குட்டிதான் ஓடினாள்.

அவர் போன பிறகு அவருடைய தட்டைக் கழுவித் துடைத்து மேல் அலமாரியில் வைத்தேன். குட்டி நாற்காலி போட்டு ஏறி, அதை எடுத்துக் கீழே எங்கள் தட்டுகளோடு வைத்தாள். "அப்பாவோடதும்மா" என்றாள்.

இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.