வேன் ஆறு மணிக்கு, தண்ணீர் ஏழு மணிக்கு

என் குருவம்மாளுக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிப்பார்கள். உன்னிடம் அதை எப்படிக் கேட்பது? அதனால் நான் அசிங்கப்பட்ட கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். நான் அசிங்கப்பட்டால் உனக்குச் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பைக் கேட்டு மூன்று வருடம் ஆகிறது.

போன மாதம் சாத்தூரில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். கோயிலுக்குள் நுழைகிற மாதிரி வாசலிலேயே செருப்பைக் கழற்றிப் போட்டேன். உள்ளே இருந்த பெண் ஏதோ தட்டினாள், எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. இன்னும் ஏதோ தட்டினாள், தமிழ் வந்தது. திரையின் உச்சியில் பார்த்தால் நம் ஊர்த் தலைவர், மீசையும் சந்தனப் பொட்டுமாகப் போட்டோவில் உட்கார்ந்திருக்கிறார். நான் படக்கென்று எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.

“என்ன அண்ணாச்சி, எந்திரிச்சிட்டீக? கரண்டு எதுவும் அடிக்கா?” என்றாள் அந்தப் பெண்.

“ஆமா தாயி, லேசா அடிக்கி” என்றேன். பாவம், குனிந்து வயரையெல்லாம் சரிபார்த்தாள்.

உனக்குத் தெரியும். இதைப் படிக்கிற வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர்க்கூட்டத்தில் தலைவர் முன்னால் தோளில் துண்டு கிடக்கக் கூடாது. பெண்கள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்கலாம், பேசக் கூடாது. அது அங்கே. கம்ப்யூட்டர் கடையில் யார் எனக்குச் சட்டம் போட்டது? கை தானாகப் போய்விட்டது.

நான் அங்கே போனது உன்னைத் தேடித்தான். கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவன் காதைக் கடித்தான்: “ஏலே பாண்டி, உம் பொண்டாட்டி கம்ப்யூட்டர்ல வந்து ஊரையே கேள்வி கேக்காளாம்லே!” அவனை அடிக்கக் கை ஓங்கினேன். அப்புறம் ஒரு ஆசை வந்தது. ஒருவேளை?

தலைவருடைய பேரன் சென்னையில் இருந்துகொண்டு நம் ஊருக்கென்று அதில் ஒரு பக்கம் திறந்திருக்கிறான். திருப்பூர், சிங்கப்பூர் என்று பிழைக்கப் போனவர்கள் எல்லாம் அதில் எழுதுகிறார்கள். தலைவர் போட்டோவுக்குக் கீழே அந்தப் பெண் உருட்டிக்கொண்டே போனாள். உன் பெயர் வந்தது. குருவம்மாள். சிவகாசி அச்சாபீசில் நாள் முழுக்க வெடி லேபிள் வெட்டுகிறவன் நான். என் கத்திக்குக் கீழே எத்தனை பெயர் போகிறது! உன் பெயரை மட்டும் அச்செழுத்தில் பார்த்தது இரண்டே தடவை. ஒன்று ரேஷன் கார்டு. இன்னொன்று நீ காமாலையில் போய்ச் சேர்ந்தபின் வாங்கிய இறப்புச் சர்டிபிகேட். இது மூன்றாவது. அதற்குக் கீழே நீ கேட்ட அதே கேள்வி, ஒரு சொல் மாறாமல் இருந்தது.

“வேன் ஆறு மணிக்கு வருது. தண்ணி ஏழு மணிக்கு வருது. நாங்க எதைப் பிடிக்க?”

ஐந்து வருடத்துக்கு முன்னால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து நீ இதைக் கேட்டாய். வெடிக் கம்பெனிக்குப் போகிற பெண்கள் எல்லாரும் மனசுக்குள் வைத்திருந்த கேள்விதான். “பொம்பளைக்குப் பதில் சொல்ற சபையாலே இது? யாரு வீட்டு ஆளு?” என்றார் தலைவர். நான் எழுந்தேன், துண்டை எடுத்தேன். “எங்க வீட்டு ஆளுதான் பெரியப்பா, தெரியாம கேட்டுட்டா” என்று மண்ணில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன்.

அதற்கப்புறம் பதினோரு நாள் நீ என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் வேளைக்கு வந்தது, தட்டு மட்டும் கொஞ்சம் சத்தமாகப் பேசியது.

எழுதினது நம்ம ராணிதான். காலேஜ் முடிந்து வருகிற வழியில் அந்தக் கடையில் ஏறி எழுதியிருக்கிறாள். “ஏன் தாயி அம்மா பேர்ல எழுதுன?” என்று கேட்டேன். “எம் பேர்ல எழுதுனா என்னைத் திட்டுவாக. அம்மாவை இனி என்ன செய்ய முடியும்?” என்றாள். உன் மகள். வாயும் உன் வாய்தான்.

பதிலும் நிறைய வந்திருந்தது. சிங்கப்பூரில் இருந்து ஒருவன், “எங்கம்மாவும் இந்தத் தண்ணிக்குத்தான் அல்லாடுது” என்று எழுதியிருந்தான். கூட்டத்தில் வாயே திறக்காத வீட்டுப் பிள்ளை அவன். இன்னொருவன் உன்னைக் காதால் கேட்கக் கூடாத வார்த்தையில் திட்டியிருந்தான். அவனுக்குப் பெயரும் கிடையாது, ஊரும் கிடையாது. ஊர்க்கூட்டத்திலாவது திட்டுகிறவன் மூஞ்சி தெரியும். இதில் எது தேவலை, நீ சொல்.

கம்ப்யூட்டர் முன்னால் எல்லாரும் சமம் என்று ராணி சொல்கிறாள். சமம்தான், உட்கார நேரம் கிடைத்தால். ஆறு மணிக்கு வேன் ஏறுகிறவள் எப்போது போய் உட்கார? அதை ராணியிடம் சொன்னேன். மறுநாளே அத்தனையையும் தாளில் அச்செடுத்து, விடியக்காலம் வெடிக் கம்பெனி வேனில் ஏறி, அதில் இருந்த பெண்களுக்கு ஏழாயிரம்பண்ணை வரைக்கும் வாசித்துக்கொண்டே போயிருக்கிறாள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

அந்தத் தாள் தலைவர் கைக்குப் போனது. கூட்டம் போட்டார்கள்.

“செத்தவ வந்து எழுத மாட்டாலே பாண்டி. உம் மகதான? வயசுப் புள்ள, நாளைக்கு ஒரு வீட்டுக்குப் போகணும். சபையில விழுந்து எந்திரிச்சிட்டா ஊரு மன்னிச்சிரும். வரச் சொல்லு.”

சுவருக்கு அந்தப் பக்கம் ராணி தலை தெரிந்தது. நீ நின்ற அதே இடம். எழுந்தேன்.

“கேட்டது குருவம்மா பெரியப்பா. அதுக்கு அன்னைக்கே நான் விழுந்துட்டேன். ஒரு கேள்விக்கு எத்தனை தடவை விழுகிறது? பதில்தான் இன்னும் வரலை.”

பெண்கள் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒரு சிரிப்பு பத்துச் சிரிப்பானது. தலைவர் என்னையே பார்த்தார்.

“ஏலே, தோள்ல துண்டு கெடக்கு.”

“ஆமா பெரியப்பா. கெடக்கு.”

வீரம் என்று நினைத்துவிடாதே. துண்டை எடுக்கக் கையைத் தூக்கினால் நடுக்கம் ஊருக்கே தெரிந்துவிடும். அதனால் கையைத் தூக்கவில்லை. கூட்டத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தலைவர் எழுந்துவிட்டார். அவர் பேரன் சென்னையில் இருந்து போன் போட்டு, “தாத்தா, வெளிநாட்டுல இருந்தெல்லாம் கேக்காக, மானம் போகுது” என்று சொன்னதாகப் பேச்சு. என் பேச்சை விட அந்தப் போனுக்குத்தான் வலு என்று நினைக்கிறேன்.

இப்போது தண்ணீர் காலையில் ஐந்தரைக்கே வருகிறது. மோட்டாருக்குக் கரண்டு விடுகிற நேரம் மாறினதாலயாம். அப்படியே இருக்கட்டும். குழாயடியில் குடம் முட்டிக்கொள்கிற சத்தத்தில்தான் எனக்கு விழிப்பு வருகிறது. அதில் நம் வீட்டுப் பித்தளைக் குடத்தின் சத்தம் தனியாகத் தெரியும். ராணிதான் பிடிக்கிறாள். தெரிந்தும், கண்ணைத் திறக்காமல் கொஞ்ச நேரம் படுத்திருக்கிறேன். நீ பிடிக்கிறாய் என்று வைத்துக்கொள்ள அந்தக் கொஞ்ச நேரம் போதும்.

கூட்டம் முடிந்து வரும்போது ராணி கேட்டாள்: “அம்மா கேட்டது தப்புன்னா அன்னைக்கு விழுந்தீக?”

“எங்க விழுந்தேன், கல்லு தடுக்கிருச்சுல்லா” என்றேன். அவள் சிரிக்கவில்லை.

இந்தக் கடிதத்தையும் அவள்தான் அந்தப் பக்கத்தில் ஏற்றப்போகிறாள். தலைவர் போட்டோவுக்குக் கீழேயே வரட்டும். உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி அவள் தன் பெயரிலேயே எழுதுவாள். யாரு வீட்டு ஆளு என்று எவன் கேட்டாலும் எழுந்து நின்று, எங்க வீட்டு ஆளு என்று சொல்வேன். அதோடு நிறுத்திக்கொள்வேன். பின்னால் ஒரு வார்த்தை சேர்க்க மாட்டேன்.

பன்னிரண்டாம் நாள் நீ வாய் திறந்து, “இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவா?” என்று கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா? “போதும்” என்றேன். அப்போது நாக்கு வரைக்கும் வந்து, சோற்றோடு சேர்த்து நான் விழுங்கிவிட்டது இதுதான்: நீ கேட்டது சரி, குருவு. நான்தான் பயந்துட்டேன்.

உன் வீட்டு ஆளு,
ராணி அப்பா