அண்ணிக்குப் போட்ட ஊசி

போன வாரம் பெங்களூர் மல்லேஸ்வரத்துக் கிளினிக் வாசலில் ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறியதும், அண்ணி, அப்படியே திரும்பி ஆட்டோ பிடித்துவிடலாமா என்று நின்றேன். உங்களுக்கு மணிக்கட்டில் ஊசி போட்ட அதே இடம். இப்போது எனக்கும் அதே கோளாறு. கட்டை விரலிலிருந்து மோதிர விரல்வரை மரத்துப்போய், தினமும் கையை உதறி உதறித்தான் எழுந்துகொண்டிருந்தேன். வருஷக்கணக்காக நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு ஊரார் புருவத்தைத் திருத்தினால் வேறென்ன வரும்?

அண்ணன் உங்களைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில்தான் ஸ்ரீராம்புரத்தில் நாம் இரண்டு பேரும் பியூட்டி பார்லர் திறந்தோம். நீங்கள் யாரையும் நம்புவீர்கள். நான் பால்காரரைக்கூட நம்பமாட்டேன். உங்களுக்கு ஊசி போட்ட அன்றைக்கு டாக்டர் "ஸ்டீராய்டு" என்றதும் நான் குறுக்கே புகுந்தேன்.

"ஜிம் பசங்க போட்டுக்கறதா சார்? எங்க அண்ணிக்கு மீசை வந்துட்டா?"

"வந்தா நீயே எடுத்துவுடு. பார்லர் எதுக்கு வச்சிருக்கோம்?" என்றீர்கள் நீங்கள்.

டாக்டர் சிரித்தார். "அது வேற, இது வேறம்மா. இது நரம்பைச் சுத்தியிருக்கிற வீக்கம் கொறையறதுக்கு. ஏனூ ஆகல்ல, ஒண்ணும் ஆகாது." சிரிக்கிற டாக்டர்மேல் எனக்கு இன்னும் சந்தேகம் கூடியது. மருந்துக் குப்பியைக் கேட்டு வாங்கித் தேதி பார்த்தேன். நீங்கள் தலையில் அடித்துக்கொண்டீர்கள். "ஐயோ, நீ போலீஸ்ல சேந்திருக்கணும்டி!"

சில நாளில் வலி போய்விட்டது என்றீர்கள். வலி போயிற்றா, உணர்ச்சியே போயிற்றா? மரத்த கை நூலைப் பிடித்தால் தோலைப் பிடுங்கிவிடும். கஸ்டமர் முகத்தில் கை வைக்க விடமாட்டேன் என்று சொல்லி, பவுடரைப் பூசிக்கொண்டு என் புருவத்தையே நீட்டினேன். நீங்கள் பேச்சுக்கிடையே மளமளவென்று எடுத்து முடித்தீர்கள். கண்ணாடியில் எவ்வளவு தேடியும் ஒரு குறை கிடைக்கவில்லை.

"இப்பவாவது நம்புறியா?"

"பாக்கலாம்" என்றேன்.

சில மாதம் கழித்து ஒரு காலையில், ஷட்டரைத் தூக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். சாவு வீட்டில் யாரோ, "அந்த ஊசிதான் கொன்னுடுச்சு" என்றார்கள். அந்தப் பேச்சை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நான் போய்க் கேட்ட டாக்டர்கள் எல்லாரும் சொன்னார்கள். எல்லாரும் ஒரே மாதிரி சொல்கிறார்களே, பேசி வைத்துக்கொண்டார்களோ என்றுகூடத் தோன்றியது.

ஆனால் கிளினிக்குக்குப் போவதற்கு முந்தின நாள், கத்தரிக்கோல் என் கையிலிருந்து நழுவி ஒரு கஸ்டமரின் மடியில் விழுந்தது. அதற்குமேல் தள்ளிப்போட எனக்குத் தைரியம் இல்லை. அண்ணன்தான் கூட வந்தார். "அவளுக்கு இது நல்லாத்தான் கேட்டுச்சும்மா. போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போய் நின்றார். போட்டுக்கொண்டேன்.

நேற்றுக் காலை எழுந்தபோது கையை உதற வேண்டியிருக்கவில்லை. எல்லா விரலிலும் உணர்ச்சி இருந்தது. நியாயமாகச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். விம்மி விம்மி அழுதேன், அண்ணி. இத்தனை நாள் திட்டுவதற்கு அந்த ஊசியாவது இருந்தது. அது ஒரு பாவமும் செய்யவில்லை என்றால், நீங்கள் சும்மாவே போய்விட்டீர்கள் என்றுதானே ஆகிறது? இனி நான் யாரைச் சந்தேகப்படுவேன்?