பச்சை மணிகள்

மார்ச் 4, செவ்வாய்
தம்பி ஆஸ்பத்திரியில் சேர்ந்து ஒன்பது நாள். அவனுடைய கடல்மீன் தொட்டி இப்போது என் தலையில். இன்று பார்த்தால் உள்ளே இருக்கும் கல்லின்மேல் கண்ணாடி மணி மாதிரி பச்சையாக ஏதோ முளைத்திருந்தது. பாசி. தையல்காரி கை சும்மா இருக்குமா? துணியில் பிசிறைக் கண்டாலே பிடுங்குகிற கை. தண்ணீருக்குள் விட்டு நகத்தால் ஒவ்வொன்றாக உடைத்தேன். அரை மணி நேரத்தில் கல் பளிச். எனக்கே பெருமை தாங்கவில்லை.

மார்ச் 13, வியாழன்
ஒன்று இருந்த இடத்தில் முப்பது. கண்ணாடியில், குழாயில், தம்பி விரல்நுனி அளவிலிருந்து ஆறு வருடமாக வளர்த்த பவளத்தின் கழுத்து வரைக்கும். மீன் கடைக்காரரை வரவழைத்துக் காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டார்.
"உடைச்சீங்களாக்கா? உள்ள இருக்கிறது அத்தனையும் விதை. நீங்களே தொட்டி முழுக்கத் தூவிவிட்டிருக்கீங்க."
பாவி நான். திட்டுவதற்கு வேறு ஆள்கூட இல்லை.

மார்ச் 14
"பவளம் எப்படிக்கா இருக்கு?" என்று ஆஸ்பத்திரியில் தம்பி கேட்டான்.
"ஜோரா இருக்கு. உன்னைவிட அது தேவலை," என்றேன். சிரித்தான். சிரித்ததும் இருமல்.

மார்ச் 17, திங்கள்
டாக்டரம்மா தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். மருந்து கேட்கவில்லையாம். ஈரலில் இருந்த புற்று நுரையீரலுக்கும் வந்துவிட்டதாம். சில வாரங்கள்தான். "அவர்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" நானே சொல்கிறேன் என்றேன். கட்டிலருகே போய், "மருந்து நல்லா வேலை செய்யுதாம்டா" என்றேன்.
ஏன் அப்படிச் சொன்னேன்?

மார்ச் 19
பவளம் பாதி வெளுத்துவிட்டது.

மார்ச் 22, சனி
தொட்டியைப் போட்டோ எடுத்து வரச் சொல்லியிருந்தான். போன வருடத்துப் போட்டோவைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தான்.
"போன மாசம் நான் சுரண்டறப்போ கண்ணாடியில ஒரு கீறல் விழுந்துச்சே. எங்கக்கா அது?"
போட்டோவை அவன் கையிலிருந்து வாங்கப் போனேன்.
"தொட்டி விஷயத்துலயே இப்படின்னா, என் விஷயத்துல எவ்வளவு மறைச்சே?"
சொல்லிவிட்டேன். பவளத்தையும், நுரையீரலையும். ஓவென்று அழுதது நான்தான், அவன் இல்லை. கடைசியில், "என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்றான்.

மார்ச் 25
கட்டிலைத் தொட்டிக்கு எதிரே போட்டாயிற்று. கல்லை உப்புத் தண்ணீர் வாளிக்கு மாற்றி, இடுக்கியால் மணியை உடைக்காமல் அடியோடு நெம்ப வேண்டும். படுத்தபடியே அதட்டுகிறான். "மெதுவா! அவசரக்குடுக்கை!" இருபது எடுத்தால் மூன்று உடைகிறது. திட்டட்டும். அவனுக்கும் கோபத்தைக் கொட்ட ஒரு இடம் வேண்டாமா?

மார்ச் 31
குரல் போய்விட்டது. மணி உடைந்தால் 'ச்சு' என்று நாக்கைத் தட்டுகிறான். அவ்வளவுதான்.

ஏப்ரல் 3, வியாழன்
காலை பத்து மணி இருக்கும். கையில் ஒரு மணி உடைந்தது. 'ச்சு' வரவில்லை. திரும்பிப் பார்த்தேன்.

ஏப்ரல் 12
பவளம் பிழைக்கவில்லை. பெரிய கல் மட்டும் சுத்தமாகிவிட்டது. தடவித் தடவிப் பார்த்தேன், ஒரு மணிகூட இல்லை. பொய் இல்லைடா, நிஜமாகவே இல்லை. யாரிடம் போய்ச் சொல்ல?