பிரிண்டருக்குள் விழுந்த பொரி

மழை பிடித்தால் காகிதம் நமத்துப்போகிறது. இன்று காலை கேள்வித்தாள் எடுக்கும்போது பிரிண்டருக்குள் அந்தக் கரகரச் சத்தம் மறுபடி கேட்டது. பாதித் தாள் உள்ளே, பாதி வெளியே. ட்யூஷன் பிள்ளைகள் வந்து பாயில் உட்கார்ந்துவிட்டார்கள். நீங்கள் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்தச் சத்தம் கேட்டாலே என் கை தானாக அதன் பின்மூடிக்குப் போகிறது.

இதற்கெல்லாம் யார் காரணம்? நீங்கள்தான். ஃபேக்டரியில் ஆயுத பூஜைக்கு இயந்திரங்களுக்கு மாலை போட்ட கையோடு வீட்டுக்கு வந்து, மிக்ஸி, சைக்கிள் என்று எதையும் விடாமல் சந்தனம் குங்குமம் வைத்தீர்கள். பிரிண்டரின் தலையில் பொரித் தட்டையே வைத்தீர்கள். "ஐயோ, உள்ள விழுந்துடப் போகுதுங்க" என்றேன்.

"சாமி காரியம் மே, ஒண்ணியும் ஆவாது."

தட்டை எடுக்கும்போது அரைப்பிடி பொரி தாள் போகும் வாய்க்குள் கொட்டியது. அன்றிலிருந்து அதற்கு அஜீரணம்.

நீங்கள் அசரவில்லை. சிக்கும்போதெல்லாம் பின்மூடியைக் கழற்றி, டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு, தாளை இரண்டு கையாலும் மெல்ல எடுப்பீர்கள். நான் இழுத்தால் கிழியும். "அய்ய, பிச்சி வுடாத மே. அது போற பக்கமே இஸ்துகினு வா" என்பீர்கள். கடையில் கொடுக்கலாம் என்றால், "நம்ம கையால கெட்டுச்சு, நம்மளே சரி பண்ணிக்கலாம்" என்பீர்கள். பிறகு அது ஓடும், எப்போதும் ஓடியது. உங்கள் நெஞ்சு நின்றபோதுதான் யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

நீங்கள் போன பிறகு ஃபேக்டரி குவார்ட்டர்ஸைக் காலி செய்து இந்தச் சேக்காட்டு வாடகை வீட்டுக்கு வந்தபோது பிரிண்டரை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். போன வாரம் ரிப்பேர் கடைக்காரர் வந்து, உள்ளேயிருந்து கறுத்துப்போன பொரி ஒன்றை எடுத்துக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

"பொரி இல்லக்கா மேட்டரு. ரப்பர் உருளை தேஞ்சி பூட்ச்சு. இதுக்கு பார்ட்ஸே வர்றதில்ல. தூக்கிக் கடாசிட்டு புச்சு வாங்கிக்க."

நம் மகளும் அதையேதான் சொல்கிறாள். புதியதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? நீங்கள் ஓட வைத்ததில் இது ஒன்றாவது நிற்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அது நடக்காது என்று எனக்கும் தெரிகிறது.

இன்று நீங்கள் சொன்னபடியே இழுத்தேன். தாள் கிழியாமல் முழுசாக வந்தது. அடுத்த தாள் சிக்கியது. அதற்கடுத்ததும் சிக்கியது. "ஏங்க, கொஞ்சம் வாங்களேன்" என்று உள் அறையைப் பார்த்துக் கூப்பிட்டுவிட்டேன். எல்லாம் போயும் இந்தப் பழக்கம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. எதற்கெடுத்தாலும் சிரிக்கும் பிள்ளைகள், ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. நீங்கள் ஒரு நாளும் காலடி வைக்காத வீட்டில் நின்று உங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.