வென்றால் மட்டும் பங்கு

ஓஸ்டர்முண்டிகன், சுவிஸ்

அன்புள்ள கஜாவுக்கு,

நீரும் பிள்ளைகளும் நலம்தானே. நான் நல்ல சுகம். போனில் கதைத்தால் குரலிலேயே பிடித்துவிடுவீர் என்றுதான் ஊருக்கு வரும் யோகநாதன் அண்ணையிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

ஒரு மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் முகம் வீங்கியது; இப்போது வற்றிவிட்டது. அதைக் கேள்விப்பட்டு, மருந்துக் கொம்பனிகள்மேல் வழக்குப் போட ஆள் சேர்க்கும் தமிழர் ஒருவர் வீட்டுக்கு வந்தார்.

"நீங்கள் ஒரு பிராங்கும் தரவேண்டாம். வெண்டால் லோயருக்கு மூண்டிலொரு பங்கு, தோத்தால் நட்டம் அவருக்குத்தான்."

இங்கத்தைய சட்டம் அதை விடாதாம், அதனால் வெளிநாட்டு லோயராம். ஸ்டேசனில் கழிவறைக்குப் போகவும் காசு கேட்கிற நாட்டில் ஒருவர் சும்மா வழக்காடுவாரா? தேத்தண்ணீர் கொடுத்தேன், கையெழுத்துக் கொடுக்கவில்லை.

"மருந்து வாங்கின மருந்துக்கடை ரசீது இருக்கோ, அண்ணை?"

இல்லை என்றேன். மாத்திரை எங்கிருந்து வந்தது என்று சொல்லவில்லை. உடனே பேனையை மூடினார்.

"அப்ப வெல்லேலாது. வெல்லேலாததை லோயர் தொடமாட்டார்."

சும்மா என்று வந்தவர் தேத்தண்ணீரையும் முடிக்காமல் போய்விட்டார். அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை.

யோகநாதன் அண்ணை திரும்பும்போது மிளகாய்த்தூள் மட்டும் கொடுத்துவிடும். பிரஷர் மாத்திரை இனி அனுப்ப வேண்டாம். இங்கே டொக்டர் வேறு மாத்திரை தந்திருக்கிறார். நான் போகவேண்டிய பஸ் வருகிறது, இத்தோடு முடிக்கிறேன்.

உம்முடைய
குலேந்திரன்