தாயென்று நீ காட்டிய பூனை

சிநேகிதிக்கு,

இன்று காலை எதிர்வீட்டுக்காரி ஓர் ஓலைப்பெட்டியைக் கொண்டுவந்து எங்கள் கூடத்தில் திறந்தாள். உள்ளே பூனைக்குட்டி. அந்தப் பால்வாடை மூக்கில் பட்டதும் உன் நினைவு வந்துவிட்டது. தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் என் மகள் பாக்கியம், "தூரமா வைங்கக்கா" என்று எழுந்து உள்ளே போனாள். நீ போய் இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இறந்தவளை ஏசக் கூடாதாம். நான் ஏசத்தான் எழுதுகிறேன்.

உன்னிடம் நான் குட்டி வாங்கியபோது பாக்கியத்துக்கு எட்டு வயது. விஷக்காய்ச்சலில் கிடந்து பிழைத்து, எலும்பும் தோலுமாக உட்கார்ந்துகொண்டு, பூனைக்குட்டி வேண்டுமென்று கேட்டாள். சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரைசானி ஒருத்தி விட்டுப்போன சடைப்பூனை ஜோடி உன்னிடம் இருந்தது. அவற்றின் குட்டிகளை விலைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாய். எங்கள் பழங்காநத்தத்தில் சும்மாவே கிடைக்கும் குட்டிதான். ஆனாலும் உன்னிடம் வாங்கினால் நோய்நொடி இருக்காது என்று ஜட்கா பிடித்துத் தெப்பக்குளத்தில் உன் வீட்டுக்கு வந்தேன். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்திலேயே உட்கார்ந்தவள் அல்லவா நீ!

குட்டி வாங்கும்போது தாய் நோயில்லாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். கேட்டேன். சன்னலில் படுத்திருந்த கொழுத்த வெள்ளைப் பூனையைத் தூக்கி வந்தாய். கீழே விட்டதும் அது குட்டியைப் பார்த்துச் சீறியது. குட்டியும் அதனிடம் போகவில்லை.

"என்னடி, பெத்த பிள்ளையவே சீறுது?" என்றேன்.

"பால மறக்கடிச்சாச்சுல்ல, அப்படித்தான் வெரட்டும். எங்கிட்டயே சந்தேகமா ஒனக்கு?" என்று சிரித்தாய்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. குட்டியின் கண்ணில் பீளை கட்டியிருந்ததைப் பற்றிக்கூட அப்புறம் நான் வாய் திறக்கவில்லை.

ஐந்தாம் நாள் அது பாக்கியத்தின் மடியிலேயே செத்தது. துக்கம் விசாரிக்க வந்த நீ, அவள் முன்னாலேயே சொன்னாய்: "காச்சக்காரப் பிள்ள அம்புட்டு நேரமும் தூக்கி வச்சிருந்தா குட்டி எப்படித் தாங்கும்?" பிள்ளை தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடிப்பாவி, அதை நீயும் பார்த்துக்கொண்டுதானே இருந்தாய்!

ஒரு மாதம் கழித்து, உன் வீட்டில் பாத்திரம் தேய்த்தவளைக் கடைத்தெருவில் பார்த்தேன். "தாய்ப்பூனையும் மத்த குட்டிகளும் நீங்க வாரதுக்கு முந்தியே சீக்கு வந்து செத்துப்போச்சுக்கா. ஒங்களுக்குக் காட்டுனது கடுவன், ஆம்பளப் பூனை" என்றாள். ஓட்டமும் நடையுமாகப் போய், குட்டி சீக்கில்தான் செத்தது, உன்னால் இல்லை என்று மகளிடம் சொன்னேன். "எனக்காகச் சொல்றம்மா நீ" என்றாள். அம்மா சமாதானம் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டாள். நீ வந்து சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள்.

உன்னைத் தரதரவென்று இழுத்துவந்து அவள் முன் நிறுத்தியிருக்க வேண்டும். செய்யவில்லை. உன் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் வந்தேன், சாப்பிட்டேன், சிரித்தேன். நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன். சண்டை போட்டால் உன் சிநேகம் போய்விடுமே என்ற பயமும் இருந்தது. கடைசியாக ஆஸ்பத்திரிக்கு வந்தபோது கேட்டே தீருவது என்றுதான் வந்தேன். உன் முகத்தைப் பார்த்ததும், "கஞ்சி குடிச்சியாடி?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

முந்தாநாள் தலை வாரிவிடும்போது பாக்கியம் மெதுவாகக் கேட்டாள்: "பிள்ள பொறந்ததும் கொஞ்ச நாளைக்கு நான் தூக்காம இருக்கவாம்மா?"

நடந்ததை மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். என் மனம் நோகக் கூடாதென்று, நம்பியவள்போலத் தலையை மட்டும் ஆட்டினாள்.